ஊதாக் குழாய்த் தண்ணீரும் வீட்டுத் தோட்டமும்

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில், டப்ளின் நகரில் குடியிருக்கிறோம். எங்கள் குடியிருப்பின் பொதுப் புல்வெளிக்கும் பக்கத்துப் பூங்காவுக்கும் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பாய்ச்சுகிறார்கள். குடிக்க வேண்டாம் என்று ஊதா நிறத்தில் பலகையும் வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் அதைப் பார்த்த நாள் முதல் மூன்று வயதுப் பேத்தியைப் புல்லில் கால் வைக்க விடுவதில்லை. "சாக்கடைத் தண்ணியிலயா பிள்ளைய விளையாட விடுறீங்க?" என்கிறார். என் கணவரோ, வேலிக்கு அந்தப் பக்கம் போகும் அதே குழாயிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து எங்கள் வெண்டை, கத்தரி, தொட்டி முருங்கைக்கு விட்டால் தண்ணீர் பில் குறையும் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? வாஷிங் மெஷின் தண்ணீரையாவது செடிக்கு விடலாமா?

— ஒரு வாசகி, டப்ளின், கலிபோர்னியா

பதில்: குழந்தையைப் புல்லில் விளையாட விடுங்கள். ஹோஸ் இழுக்கும் யோசனையை மட்டும் உங்கள் கணவர் இன்றே கைவிட வேண்டும்.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் ஊரில் கழிவுநீர் ஏரியில் கலப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கழிவுநீரைப் பயிருக்குப் பாய்ச்சுவது பற்றிக் கலிபோர்னியா 1918-லேயே விதி போட்டுவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது மாநில ஒழுங்குமுறைத் தொகுப்பின் 22-ஆம் தலைப்பில் வருகிறது. அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் 'டைட்டில் 22' என்றே சொல்வார்கள்.

அதன் அடிப்படை எளிமையானது. தண்ணீர் படும் இடத்தில் யார் நடமாடுவார்கள் என்பதைப் பொறுத்தே அது எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரச் செடிகளுக்கும் கல்லறைத் தோட்டங்களுக்கும் ஒருபடி குறைந்த தரம் போதும். பூங்கா, பள்ளி மைதானம், வீட்டுப் புல்வெளி என்றால், குழந்தை உருண்டு புரளும் என்று எண்ணியே விதி எழுதியிருக்கிறார்கள். அங்கே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்து, வடிகட்டி, கிருமி நீக்கிய தண்ணீரை மட்டுமே விடலாம்.

கிருமி நீக்கம் என்பது பேருக்குக் குளோரின் தெளிப்பது அல்ல. தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரின் இருக்கிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது, இரண்டையும் பெருக்கினால் 450-க்குக் குறையக் கூடாது. நேரம் 90 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. 5 மில்லிகிராம் குளோரின் ஒன்றரை மணி நேரம் நின்றால் கணக்கு சரியாக வரும். புற ஊதாக் கதிர் போன்ற வேறு முறை என்றால், வடிகட்டுதலோடு சேர்த்து வைரஸில் 99.999 சதவீதம் ஒழிகிறது என்று நிரூபித்துக் காட்ட வேண்டும்.

பிறகு சோதனை. கடைசி ஏழு நாள் சோதனை முடிவுகளின் இடைநிலை அளவு, 100 மில்லிலிட்டருக்கு 2.2 கோலிஃபார்ம் பாக்டீரியாவைத் தாண்டக் கூடாது. 2.2 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஆய்வகத்தில் நின்று பார்த்தால் புரியும். ஐந்து சோதனைக் குழாய்களில் பத்துப் பத்து மில்லிலிட்டர் தண்ணீரை ஊற்றி, பாக்டீரியா வளர உணவு கொடுத்து, வெதுவெதுப்பில் வைப்பார்கள். ஐந்தில் ஒன்றில் மட்டும் வாயுக்குமிழி கட்டினால் அதுதான் 2.2. ஐந்தும் தெளிந்து கிடந்தால் அதற்கும் கீழே. அந்தச் சோதனை கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய அளவையே வரம்பாக வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். ஆனாலும் இது குடிநீர் அல்ல. ஈரம் உலர்ந்த பிறகு குழந்தையை விடுங்கள், விளையாடிவிட்டு வந்ததும் கை கழுவச் செய்யுங்கள். பெரும்பாலான இடங்களில் ஆள் நடமாட்டம் இல்லாத இரவு நேரத்தில்தான் ஸ்பிரிங்க்ளரைத் திறக்கிறார்கள்.

நீங்கள் கண் வைக்க வேண்டிய இடம் வேறு. தெளிக்கும் தண்ணீரோ அதன் சாரலோ வழிந்தோடும் நீரோ வீட்டுக்குள்ளும், வெளியே உட்கார்ந்து சாப்பிட ஒதுக்கிய இடத்திலும் வரக் கூடாது. பூங்காவில் உள்ள குடிநீர்க் குழாய் மேல் படாதபடி தடுப்பு இருக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குள், சில விதிவிலக்குகள் தவிர, இந்த உயர்ந்த தரத் தண்ணீரைக்கூடப் பாய்ச்ச முடியாது. ஒரு ஸ்பிரிங்க்ளர் தலை கோணிக்கொண்டு பூங்காவின் சாப்பாட்டு மேசையை நனைக்கிறது என்றால் அது விதிமீறல். தயங்காமல் குடியிருப்போர் சங்கத்துக்கும் வாட்டர் டிஸ்ட்ரிக்டுக்கும் சொல்லுங்கள்.

இனி ஹோஸ் விஷயம். இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். கத்தரிக்காய்க்கு இந்தத் தண்ணீர் கெடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். உண்ணும் பாகத்தில் நேரடியாகப் படும் காய்கறிகளுக்கும், கேரட், முள்ளங்கி போன்ற கிழங்குகளுக்கும்கூட இதே தரத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆபத்து இணைப்பில் இருக்கிறது. இன்று வேலியோரத்தில் மாட்டிய ஹோஸின் மறுமுனையை நாளைக்கு யாராவது விவரம் தெரியாமல் வீட்டுக் குழாயில் இணைப்பார்கள். குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறையும் ஒரு நேரத்தில், தோட்டத் தண்ணீர் பின்னோக்கி ஏறிச் சமையலறைக் குழாயில் வரும். நிறமும் வாசனையும் காட்டிக் கொடுக்காது. தெரியாமலே குடிப்பீர்கள், பக்கத்து வீட்டாரும் குடிக்கலாம்.

விதிகளில் பாதி இந்த ஒன்றைத் தடுக்கத்தான். 1993 ஜூன் 1-க்குப் பிறகு பதித்த மறுசுழற்சி நீர்க் குழாய் ஊதாவாக இருக்க வேண்டும், அல்லது ஊதா நாடா சுற்றியிருக்க வேண்டும். பொதுமக்கள் நடமாடும் இடத்தில் இந்தக் குழாயில் சாதாரண ஹோஸ் மாட்டும் திருகு வாயே வைக்கக் கூடாது. குடிநீர்க் குழாயில் பொருந்தாத தனி இணைப்பான்தான் இருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகைக்குக்கூட 4 அங்குல உயரம், 8 அங்குல அகலம் என்று குறைந்தபட்ச அளவு உண்டு. தனி வீடுகளின் தோட்டத்துக்கே ஊதா இணைப்பு கொடுத்த இடங்களில், திறக்கும் முன்பே குழாய்கள் எங்காவது கலக்கின்றனவா என்று சோதித்தாக வேண்டும். அதன் பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை தொடரும். உங்கள் புல்வெளி அனுமதி பெற்ற பாசனப் பகுதி. உங்கள் கொல்லைப்புறம் அந்த அனுமதிக்குள் வராது.

பில்லைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 2014 வறட்சியின்போது உங்கள் பகுதிக்குத் தண்ணீர் தரும் டப்ளின் சான் ரமோன் சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட், வீட்டுக்காரர்கள் வந்து இந்தத் தண்ணீரைப் பிடித்துப் போக ஏற்பாடு செய்தது. அக்கம்பக்கத்து ஊர்களும் அதைப் பின்பற்றின. வறட்சிக் காலங்களில் சில இடங்களில் இப்படித் திறப்பதுண்டு. இப்போது உண்டா என்று போன் செய்து கேளுங்கள். மூடியுள்ள கேனில் பிடித்து, குடிநீர் அல்ல என்று எழுதி ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாமல் வைத்து, செடியின் அடியில் ஊற்றுங்கள்.

வாஷிங் மெஷின் தண்ணீரை விடலாம். ஆனால் அது சுத்திகரிக்காத தண்ணீர், அதற்குச் சட்டமும் வேறு. வீட்டுக் குழாய் அமைப்பை வெட்டி மாற்றாமல் மெஷினிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு விடுவதற்கு 2009 முதல் தனி அனுமதி தேவையில்லை, நிபந்தனைகளைப் பின்பற்றினால் போதும். தண்ணீர் தரையில் தேங்கவோ பக்கத்து மனைக்கு ஓடவோ கூடாது. குறைந்தது 2 அங்குல மூடாக்குக்கு அடியில் விழ வேண்டும். தெளிக்கக் கூடாது. குழந்தையின் அழுக்கு டயப்பர் துணி துவைத்த தண்ணீரைச் சாக்கடைக்கே அனுப்ப வேண்டும். கிழங்குகளுக்கும், மண்ணைத் தொடும் கீரைக்கும் கூடாது. முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் தாராளமாக விடலாம்.

கடைசியாக உப்பு. மேலே சொன்ன சுத்திகரிப்பு கிருமியை ஒழிக்கும், கரைந்த உப்பை எடுக்காது. நாம் குளிப்பதிலும் துவைப்பதிலும் சேர்வது அப்படியே தோட்டத்துக்கு வரும். பாலோ ஆல்டோவில் ரெட்வுட் மரங்களுக்கு இந்த உப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்ற கவலை எழுந்து, 2010-ல் அந்த நகரம் தன் மறுசுழற்சி நீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. கேனில் பிடித்து வந்து ஊற்றினால் எலுமிச்சையின் இலை நுனியைக் கவனியுங்கள். பழுத்துக் கருகினால் உப்பு ஏறுகிறது என்று பொருள். தொட்டிச் செடிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். இடையிடையே குடிநீரையோ மழைநீரையோ தொட்டியின் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். வாட்டர் டிஸ்ட்ரிக்டிடம் தண்ணீர் பகுப்பாய்வு அறிக்கை கேட்டு வாங்கினால் சோடியம், குளோரைடு, போரான் மூன்றையும் முதலில் பாருங்கள்.