படகு இன்ஜின் சூடேறுகிறதா? தண்ணீரின் பாதையைப் பின்தொடருங்கள்

விசைப்படகின் டீசல் இன்ஜினைக் குளிர்விக்க இரண்டு தண்ணீர் ஓட்டங்கள் உண்டு. ஒன்று, இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் நல்ல தண்ணீர். மற்றொன்று, படகின் அடியிலிருந்து பம்ப் உறிஞ்சும் கடல் தண்ணீர். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டும் கலக்காமல் ஓடும்போது, நல்ல தண்ணீரின் சூட்டைக் கடல் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே கொட்டுகிறது.

வெப்பமானியின் முள் ஏறினால் பெரும்பாலும் கோளாறு கடல் தண்ணீர்ப் பக்கத்தில்தான் இருக்கும். எனவே ஹெட்டில் கைவைக்கும் முன், தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை வரிசையாகப் பாருங்கள். பல கோளாறுகளைக் கடலில் வைத்தே தீர்த்துவிடலாம்.

முள் ஏறியதும்

பெரும்பாலான இன்ஜின்கள் 75 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் ஓடும். வழக்கமான இடத்தைத் தாண்டினால் இழுவையை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்கு வாருங்கள். மடிக்கயிறு புரொப்பல்லரில் சிக்காமல் ஒருவர் கவனிக்கட்டும்.

வெளியேற்றுக் குழாயில் கடல் தண்ணீர் வழக்கம்போல் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால், மெதுவாக ஓடவிட்டுச் சூடு தணியவிடலாம். கொட்டவில்லை என்றாலோ, முள் இறங்கவில்லை என்றாலோ, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆழம் குறைந்த இடமென்றால் நங்கூரம் போடுங்கள்.

சூடான இன்ஜினின் தண்ணீர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. ஹெட் விரிசல் விடும்.

1. உறிஞ்சும் வாய்

கேட் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா? பிளாஸ்டிக் பை, சொறிமீன், வலைத்துண்டு ஆகியவை அடியிலுள்ள சல்லடையை அடைத்துக்கொள்ளும். வால்வை மூடி, அடுத்த ஓஸ் பைப்பைக் கழற்றி, மெல்லத் திறந்து பாருங்கள். தண்ணீர் பலமாகப் பீறிட வேண்டும். வால்வு மூட மறுத்தால் அடைக்க ஒரு மரக்கட்டை கையில் இருக்கட்டும்.

2. ஸ்ட்ரெய்னர்

வால்வை மூடிவிட்டுத் திறந்து கழுவுங்கள். மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டும்.

3. இம்பெல்லர்

பம்ப் மூடியைக் கழற்றினால் ரப்பர் இதழ்கள் தெரியும். உடைந்தோ, வெடித்தோ, ஒரே பக்கமாக மடங்கி இறுகியோ இருந்தால் மாற்றுங்கள். தண்ணீரில்லாமல் சிறிது நேரம் ஓடினாலே இம்பெல்லர் கருகிவிடும். இதழ் எத்தனை குறைகிறது என்று எண்ணுங்கள். உடைந்த துண்டுகள் தண்ணீரோடு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் நிற்கும். அவற்றையும் எடுத்தால்தான் வேலை முடிந்தது.

4. ஓஸ் பைப்

மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டினால் மட்டும் சூடேறுகிறதா? உறிஞ்சும் பக்க ஓஸ் பைப்பைக் கவனியுங்கள். பழையது என்றால் பம்ப் இழுக்கும்போது சப்பிக்கொள்ளும். கம்பிச்சுருள் உள்ள பைப்பே போட வேண்டும். புரொப்பல்லரில் வலை சுற்றியிருந்தாலும் பாரம் கூடி இப்படிச் சூடேறும்.

5. ஹீட் எக்ஸ்சேஞ்சர்

உப்பும் சுண்ணாம்பும் சின்னக் குழாய்களில் படிந்தால் சூடு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பக்கமூடியைக் கழற்றி, குழாய்களில் மெல்லிய மரக்குச்சி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஆசிட் ஊற்றினால் அது அலுமினியப் பாகங்களை அரிக்கும். அந்த வேலையைப் பட்டறையில் விடுங்கள். உள்ளே ஜிங்க் தண்டு இருந்தால், பாதி கரைந்ததுமே மாற்றுங்கள்.

6. நல்ல தண்ணீர்ப் பக்கம்

கடல் தண்ணீர் நன்றாகக் கொட்டியும் சூடு குறையவில்லை என்றால் இங்கே வாருங்கள். இன்ஜின் ஆறியபின் தண்ணீர் மட்டத்தையும், பம்ப் பெல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். உப்புச்சுவையுள்ள போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள்; வடிநீரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெந்நீரில் தொங்கவிட்டுச் சோதிக்கலாம். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டி வாய் திறக்கத் தொடங்க வேண்டும். பழுதென்றால் புதிது போடுங்கள். இல்லாமல் ஓட்டுவது தீர்வல்ல. இன்ஜின் போதிய சூடு பெறாமல் டீசலைத் தின்னும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் சூடு இன்னும் கூடும்.

7. ஹெட் கேஸ்கெட்

தண்ணீர்த் தொட்டியில் ஓயாமல் குமிழி வருகிறதா? ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா? கசிவே தெரியாமல் தண்ணீர் குறைகிறதா? இனி இன்ஜினை ஓட்ட வேண்டாம். அருகிலுள்ள படகை அழைத்துக் கட்டி இழுத்து வாருங்கள்.

வராமல் காக்க

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையேறும் அந்நாள்களில் சல்லடையில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுங்கள். இம்பெல்லர், ஜிங்க், பெல்ட், வாஷர்களைப் புதிதாக்குங்கள். வால்வைத் திறந்து மூடிப் பாருங்கள்.

கடலுக்குப் போகும்போது இம்பெல்லர், வாஷர், பெல்ட், ஓஸ் கிளிப், சில லிட்டர் நல்ல தண்ணீர் கையிருப்பில் வேண்டும். ஒரே வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு பயணத்திலும் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி தொடர்ந்து ஏறினாலே, கரையில் இருக்கும்போதே வரிசையைத் தொடங்கிவிடலாம். கடலில் நின்றுபோகும் இன்ஜினில் பணம் மட்டுமல்ல, படகிலிருக்கும் அத்தனை பேரின் உயிரும் அடங்கியிருக்கிறது.