குடல் செருகல்: இரத்தம் தரும் துப்பு

வீரபாண்டிப் பக்கம் பனியன் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தவர்கள், நிட்டிங் எந்திரத்திலிருந்து துணி நீண்ட குழாயாக இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். அக்குழாயின் ஒரு பகுதியை அடுத்த பகுதிக்குள் செருகிப் பாருங்கள். செருகிய இடத்தில் துணி மூன்று அடுக்காகத் தடிக்கும். குழாயின் வழி அடைபடும்.

கைக்குழந்தையின் குடலிலும் சில சமயம் இவ்வாறே நேர்கிறது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. இதற்குக் குடல் செருகல் என்று பெயர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் குடல் அடைப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு இருவகைச் சிகிச்சை உண்டு. ஆசனவாய் வழியே காற்றையோ உப்புநீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, செருகிய குடலைப் பின்னுக்குத் தள்ளுவது ஒன்று. கோபன்ஹேகன் நகர மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங், நீரழுத்தத்தால் குடலை விடுவிக்கும் முறையை 1876-இல் வெளியிட்டார். வயிற்றைத் திறந்து அறுவை செய்வது மற்றொன்று. காலத்தோடு வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதல் முறையே போதும். ஆனால் குடலின் சுவர் அழுகி நைந்திருந்தால், அந்த அழுத்தமே அதைக் கிழித்துவிடலாம். ஆகவே மருத்துவர் முன் நிற்கும் கேள்வி இதுதான்: உள்ளே சிக்கிய குடல் உயிரோடு இருக்கிறதா?

சாயத் தண்ணீரும் இரத்தமும்

மூடிய சாய எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே சாயத் தண்ணீரைச் சிறிது எடுத்து, அதன் அமிலத் தன்மையைச் சோதித்துக்கொள்கிறார்கள். மருத்துவரும் அப்படித்தான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், செருகல் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும். குடல் எவ்வளவு நலிந்துள்ளது என்பதை ஊகிக்கச் சில துளி இரத்தமும் துணை செய்கிறது. அதில் தேடப்படும் பொருள்களுள் ஒன்று லாக்டேட்.

லாக்டேட் எப்படி உண்டாகிறது?

குடல் செருகும்போது அதன் இரத்தக் குழாய்களும் உள்ளே இழுக்கப்பட்டு நெரிபடுகின்றன. சிரைகளில் அழுத்தம் குறைவு. எனவே அவை முதலில் நசுங்குகின்றன. தமனி வழியே இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. திரும்பிப் போக வழியில்லை. குடல் வீங்குகிறது. வீக்கம் முற்றினால் தமனியும் அடைபட, பிராணவாயு கிடைக்காமல் போகிறது.

பிராணவாயு இல்லாத செல், குளுகோஸை முழுமையாக எரிக்க இயலாமல் பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது உண்டாவதே லாக்டேட். 1780-இல் ஷீலே என்ற வேதியியல் அறிஞர் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதன் உப்பு வடிவமே இது. நீங்கள் வேகமாக ஓடும்போது உங்கள் தசையிலும் இது உண்டாகிறது. உடல்நலமுள்ளவரின் இரத்தத்தில் லாக்டேட் பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் குறைவாகவே இருக்கும்.

எண்ணை எப்படிப் படிப்பது?

எண் 5 என்று வந்தால் உடனே அறுவைதானா? அல்ல. வாந்தியால் உடலில் நீர் வற்றினாலும் லாக்டேட் ஏறும். எண் 1.5 என்றால் நிம்மதியா? அதுவும் அல்ல. குடலிலிருந்து வரும் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அந்த லாக்டேட்டைப் பிடித்து மீண்டும் குளுகோஸாக மாற்றிவிடுகிறது. எனவே தொடக்கத்தில், குடல் துன்புறும்போதும், கையில் எடுத்த இரத்தம் சரியாகவே இருக்கக்கூடும்.

ஆகவே ஒரே ஓர் எண்ணை நம்பாமல், மீண்டும் அளக்கிறார்கள். சிரை வழியே உப்புநீர் ஏற்றிய பின் எண் இறங்கினால், நீர் வறட்சியே காரணமாக இருந்திருக்கலாம். நீர் ஏற்றியும் எண் ஏறிக்கொண்டே போனால், குடல் நலிகிறது என்ற ஐயம் வலுப்படும்.

சி-ரியாக்டிவ் புரதம் மற்றொரு துப்பு. 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக் கழகத்தில் இது கண்டறியப்பட்டது. உடலில் அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் இதை மிகுதியாகச் சுரக்கும். ஆனால் இது ஏறத் தொடங்கவே சுமார் 6 மணி நேரம் ஆகும்; உச்சத்தை எட்ட ஏறக்குறைய இரண்டு நாள். எனவே முதல் சில மணி நேரத்தில் இது குறைவாக இருப்பது ஆறுதல் ஆகாது.

இரத்தம் சாட்சியே அன்றி நீதிபதி அல்ல. குழந்தையின் வயிறு பலகைபோல் விறைத்திருந்தாலோ, குடலில் துளை விழுந்திருந்தாலோ, எண் எதுவாயினும் அறுவைதான் வழி.

நீங்கள் செய்யக்கூடியது

அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போயிருக்க, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர்கள் உங்களில் பலர். குழந்தை திடீரெனக் காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும், சற்று அடங்கும், மீண்டும் அழும். வாந்தி எடுக்கும், அது பச்சையாகவும் மாறலாம். பிறகு துவண்டுபோகும். மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து வருவது பெரும்பாலும் தாமதமாகத் தோன்றும் அறிகுறி, அதுவரை காத்திருக்கலாகாது.

குழந்தை வாந்தி எடுத்தால் தொக்கம் விழுந்துவிட்டது என்று சொல்லி, தொக்கம் எடுக்கத் தூக்கிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. செருகிய குடலை அது விடுவிக்காது, பொழுதுதான் போகும். இவ்வறிகுறிகளைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் செய்யுங்கள். சிரை நசுங்குவதற்கும் தமனி அடைபடுவதற்கும் இடையே உள்ள நேரம்தான் அக்குழந்தையின் குடலைக் காக்கும் நேரம்.