தேய்ந்த கார்புரேட்டர்: பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா?

சேலம், நாமக்கல் பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள் சிலரிடம் கார்புரேட்டர் காலத்து மாருதி ஆம்னி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு ஏற்றி ராசிபுரத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் போய்வர அது போதும். அம்பாசிடரை விடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. அம்பாசிடர் உற்பத்தி 2014இலும் ஆம்னி உற்பத்தி 2019இலும் நின்றுவிட்டன. வண்டி இழுக்கவில்லை, பெட்ரோல் குடிக்கிறது என்று பட்டறைக்குப் போனால், "கார்புரேட்டர் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதை அப்படியே ஏற்பதா என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் கணக்கு. நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கொடுத்தால் 65 லிட்டர். அதுவே 9 ஆகக் குறைந்தால் கிட்டத்தட்ட 87 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,200 ரூபாய் புகையாகப் போகிறது. மளிகையில் இந்தப் பணம் மிஞ்ச எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கார்புரேட்டர் செய்யும் வேலை நம் தொழில்தான். அளந்து கொடுப்பது. எடைக் கணக்கில் சுமார் 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. குறுகலான கழுத்து வழியே காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. கிண்ணத்து மட்டத்தை மிதவையும் ஊசி வால்வும் காக்கின்றன. எவ்வளவு போக வேண்டும் என்பதை ஜெட் என்னும் பித்தளைத் துண்டிலுள்ள துவாரம் தீர்மானிக்கிறது. ஜெட்தான் படிக்கல். அதில் எண் அச்சிட்டிருக்கும். அடைப்பு எடுக்கிறேன் என்று கம்பியையோ ஊக்கையோ விட்டுக் குடைவது படிக்கல்லை அரத்தால் ராவுவதற்குச் சமம். துவாரம் மயிரிழை பெரிதானாலும் அளவு கெட்டுவிடும். காற்றடித்தும் கிளீனர் திரவம் விட்டும்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை எடுக்கும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

எல்லாப் பழியையும் கார்புரேட்டர் மேல் போடுவதும் சரியல்ல. ஏர் ஃபில்டர் தூசி அடைத்திருந்தாலும், பிளக், பாயிண்ட் தேய்ந்திருந்தாலும், பெட்ரோல் ஃபில்டர் மாற்றாமல் விட்டிருந்தாலும் இதே குறைகள் தெரியும். அவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், செலவு குறைவு. கம்ப்ரஷனும் பார்த்துவிட வேண்டும். எஞ்சினே நீலப் புகை விட்டு ஆயில் குடிக்கிறது என்றால், கார்புரேட்டருக்குச் செலவழிப்பது ஓட்டைச் சாக்கில் சர்க்கரை கட்டுவதுதான்.

இவை சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றலாம். பிளக் முனை கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம்: ஊசி வால்வு தேய்ந்திருக்கும், அல்லது மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கும். மிதவையைக் காதருகே குலுக்கினால் சத்தம் கேட்கும். முனை வெளுத்திருந்தால் காற்று அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் முக்கி நின்று பிறகு இழுத்தால், ஆக்சிலேட்டர் பம்ப்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம். இவை எல்லாம் கிட் வாங்கிப் போட்டால் தீரும் குறைகள். கேஸ்கட், ஊசி வால்வு, டயாபிரம், ரப்பர் வளையங்கள் கிட்டிலேயே வந்துவிடும். புதிய கார்புரேட்டர் விலையில் இது சிறு பங்குதான்.

கிட்டால் தீராத தேய்மானமும் உண்டு. த்ராட்டில் ஸ்பிண்டிலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் லொடலொட என்று ஆடினால், அந்த இடைவெளியில் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. எத்தனை முறை ட்யூனிங் செய்தாலும் ஸ்லோ நிற்காது. நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி புஷ் அடித்துத் தருவார்கள். நம் பகுதியில் லேத்துக்குப் பஞ்சமில்லை. லாரித் தொழில் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. ஆனால் உடலே வளைந்து, மேல் மூடி சமதளத்தில் உட்காராமல் கசிந்தாலோ, அலுமினியம் அரித்து வெண்பொடி பூத்திருந்தாலோ மாற்றுவதே மேல்.

மாற்றும்போது கவனம் வேண்டும். மாருதிக்கு உரிய கார்புரேட்டர்களைச் செய்த யூகால், மறைமலை நகரில் 1985இல் ஜப்பானின் மிக்குனியுடன் கூட்டாகத் தொடங்கப்பட்ட நம் மாநிலக் கம்பெனி. அந்தத் தயாரிப்புகளுக்கு இருந்த பெயரால் போலிகளும் வந்தன. சென்னை புதுப்பேட்டையில் பழைய அசலும் கிடைக்கும். நல்ல நிலையிலுள்ள பழைய அசலுக்கே நம் ஓட்டு; பளபளக்கும் போலியின் ஜெட் எந்த எண்ணில் இருக்கிறது என்பதே தெரியாது. உங்கள் பழையதைக் கையோடு கொண்டுபோய், ஜெட் எண்ணையும் குழாய் இணைப்புகளையும் ஒப்பிட்டு வாங்குங்கள். புதிதானால் பில் கேளுங்கள், உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023இலிருந்து 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போவதால் தீவன விலை ஏறியதை நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள் அறிவார்கள். அதே எத்தனால் பழைய கார்புரேட்டரின் ரப்பரை ஊதவைத்து வெடிக்கச் செய்கிறது, ஈரத்தையும் இழுக்கிறது. இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்கு காற்றே போதும். இன்ஜெக்‌ஷன் வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்பதும், பெட்ரோல் ஹோஸை உடன் மாற்றுவதும் அவசியம். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்பதும் கெடுதல். கேஸில் ஓட்டுபவர்களின் கார்புரேட்டர் காய்ந்து ரப்பர் வெடிப்பதும் இப்படித்தான்.

ஆம்னியின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. கசியும் பெட்ரோலுக்கு அருகில் சூடான சைலன்சர் குழாய். பின்னால் எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல். வாடை வந்த இடத்திலேயே நிறுத்தி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுங்கள். மைலேஜ் போனால் பணம்தான் போகும்.

போட்ட செலவு தேறுமா என்பதற்கு ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். புதுப்பிக்க ஓராண்டே இருக்கும் வண்டிக்குக் கிட் போதும். இப்போதுதான் புதுப்பித்த வண்டி என்றால் புஷ் வேலையோ மாற்றமோ செய்யலாம்.

வேலை முடிந்ததும் எஞ்சின் நன்கு சூடான பிறகே ஸ்லோ வைக்கச் சொல்லுங்கள். அதைச் சமவெளியில்தான் வைக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காற்று மெலிந்திருப்பதால் கலவை தானாகவே கெட்டியாகும்; அங்கே திருகினால் இறங்கியதும் மறுபடி கெடும். பிறகு புகைச் சான்று எடுக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை இறுக்கி, பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தால் கைவைக்க வேண்டாம்.