மாநிலம் என்றால் எல்லா நாட்டிலும் ஒன்றா?

நம் கடை பில்லின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33. அது தமிழ்நாட்டைக் குறிப்பது. கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29, புதுச்சேரிக்கு 34. சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று பார்க்காமல் வரி போட்டுவிட்டு, பிறகு ஆடிட்டர் வீட்டுக்கு நடையாய் நடப்பவர்கள் நம்மிடையே உண்டு. மிளகாய் வற்றல் மொத்த வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2014 ஜூன் 2-ல் ஆந்திரம் பிரிந்ததால் இன்று கம்மம், வாரங்கல் சரக்கு தெலுங்கானாவின் 36-ல் வருகிறது. குண்டூர் சரக்கு ஆந்திரத்தின் 37-ல் வருகிறது. மிளகாயின் காரத்தில் மாற்றமில்லை. கணக்கில் மட்டும் மாற்றம்.

மாநிலம் என்பதை நாம் இப்படி அன்றாடம் கையாள்கிறோம். ஆனால் வெளிநாட்டு வியாபாரம் என்று வரும்போது, அந்த நாட்டு மாகாணத்தையும் எமிரேட்டையும் நம் ஊர்ப் படியால் அளந்துவிடுகிறோம். பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. விற்பனை வரி போடும் அதிகாரம் யாரிடம், கடை திறக்க உரிமம் யார் தருகிறார்கள் என்ற இரண்டையும் விசாரித்தால்தான் அந்தப் பிரிவின் உண்மையான பலம் புரியும்.

வெளிநாட்டுக்குப் போகுமுன் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியையே பார்ப்போம். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர்கள் என்பதால் புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் ஏனாம் ஆகிய நான்கும் ஒரே யூனியன் பிரதேசம். புதுச்சேரி வியாபாரி மாஹேக்கு லாரி அனுப்பினால் அது தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, கேரளத்துக்குள்ளும் ஓடித்தான் போய்ச் சேர வேண்டும். இருந்தாலும் அது உள் மாநில விற்பனை, மத்திய ஜி.எஸ்.டி., மாநில ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரித்துப் பில் போட வேண்டும். அதே வியாபாரி ஊரை ஒட்டியுள்ள கோட்டக்குப்பத்துக் கடைக்கு ஒரு மூட்டை அனுப்பினால், அது வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். தூரம் இங்கே கணக்கில்லை, கோடுதான் கணக்கு.

தவறாகப் போட்டுவிட்டால் பதறத் தேவையில்லை. சரியான வரியைக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். இதற்கு வட்டி கிடையாது. சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதையும், வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவும் சிக்கலாகும் என்பதையும் மறக்கக்கூடாது.

வாளையாரில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிக வரிச் சோதனைச் சாவடிகள் போயின. கோடு மட்டும் பில்லுக்குள் குடியேறிவிட்டது!

இனி அமெரிக்கா. அங்கே 50 மாநிலங்கள். டெல்லியைப் போல் வாஷிங்டனிலிருந்து நாடு முழுமைக்கும் விற்பனை வரி போடும் வழக்கம் அங்கே இல்லவே இல்லை. மாநிலம் போடுகிறது; அதன்மேல் பல இடங்களில் கவுண்டியும் நகரமும் சேர்க்கின்றன. அதனால் கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, கல்லாவில் கொடுப்பது ஒன்று. ஆரிகன், மான்டானா, டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா ஆகிய ஐந்திலும் மாநில விற்பனை வரி கிடையாது. ஆரிகனின் போர்ட்லண்ட் நகருக்கு ஆற்றைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்துக்காரர்கள் சாமான் வாங்க வருவது இதனால்தான். நம் ஏற்றுமதியாளர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரிடமும், விற்பனை ஒரு அளவைத் தாண்டினால், அந்த மாநிலம் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்குள்ள வீடுகளுக்கே நேராகச் சேலையும் மசாலாவும் அனுப்புகிறவர்கள் மாநிலவாரியாகக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கனடாவில் இருப்பவை மாகாணங்கள். 10 உண்டு, தவிர 3 பிரதேசங்கள். மாகாணம் என்றதும் வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாணம் நினைவுக்கு வருவதால், மாநிலத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். நிலைமை நேர் எதிர். மத்திய வரி 5 சதவீதம் எங்கும் உண்டு. ஆல்பர்ட்டாவில் அதோடு சரி. ஒன்டாரியோவில் மாகாணப் பங்கும் சேர்ந்து 13 சதவீதம். கியூபெக்கோ தன் வரியைத் தானே வசூலிப்பதோடு, மத்திய அரசின் வரியையும் தன் அலுவலகத்திலேயே வாங்கி அனுப்புகிறது. நம் மாநிலங்கள் கனவிலும் நினைக்காத ஏற்பாடு இது.

பிரான்ஸ் வேறு ரகம். புரட்சிக்குப் பின் 1790-ல் பழைய மாகாணங்களைக் கலைத்துவிட்டு நாட்டை 83 துண்டாக்கினார்கள். பழைய பெருமை ஒட்டக்கூடாது என்று பெரும்பாலும் ஆறு, மலைகளின் பெயரையே வைத்தார்கள். இன்று அப்படிப்பட்ட பிரிவுகள் 101. அவற்றின் மேல் 18 பிராந்தியங்கள். அவற்றுக்கும் எண் உண்டு. பாரிசுக்கு 75, அஞ்சல் குறியீட்டின் தொடக்கத்திலேயே அது வரும். ஆனால் நம் 33-க்கு உள்ள அதிகாரம் அந்த 75-க்கு இல்லை. மதிப்புக் கூட்டு வரியைத் தீர்மானிப்பது நாட்டின் நாடாளுமன்றம். 2016-ல் பெருநிலப் பகுதியின் 22 பிராந்தியங்களை 13 ஆக இணைத்தபோதும் கடைக்காரர் பில்லில் ஒரு வரி மாறவில்லை.

நம்மவர்கள் அதிகம் போகும் இரண்டு இடங்களைச் சொல்லி முடிக்கிறோம். மலேசியாவில் 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். 1963-ல் சேர்ந்த சபா, சரவாக் இரண்டும் குடிநுழைவு அதிகாரத்தைத் தம்மிடமே வைத்திருக்கின்றன. கோலாலம்பூர்க் கடையில் வேலை செய்யும் மலேசியக் குடிமகனையே சரவாக் கிளைக்கு மாற்றினால் அங்கே தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும்.

ஐக்கிய அரபு எமிரேட்சில் 7 எமிரேட்கள். 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி ஏழிலும் ஒன்றே. ஆனால் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது எந்த எமிரேட்டில் எவ்வளவு விற்றது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். கடை உரிமமும் அந்தந்த எமிரேட் தருவதுதான். துபாயில் உரிமம் எடுத்துவிட்டோமே, ஷார்ஜாவில் அதை வைத்தே கிளை திறக்கலாம் என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.