கணையத்தின் உப்புக் கதவு

“பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறான் டாக்டர், உடம்பில்தான் ஒட்டவில்லை.” குழந்தைகள் மருத்துவத்தில் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. பெரும்பாலும் காரணம் குடற்புழுவோ, வயிற்றுப்போக்கோ, போதாத உணவோதான். ஆனால் மலம் எண்ணெய்ப் பசையோடு துர்நாற்றம் வீச, கூடவே சளியும் இருமலும் ஓயாதிருந்தால், நாங்கள் கணையத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் இந்தச் சுரப்பியைச் சர்க்கரை நோயோடு சேர்த்தே நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். இன்சுலின் சுரப்பது அதன் சிறுபகுதியே. பெரும்பகுதி செரிமான நீருக்காகவே உழைக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சுரக்கிறது. கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகள் அதில் உண்டு. பைகார்பனேட்டும் நிறைய உண்டு. நம் சமையலறை ஆப்ப சோடாவில் இருக்கும் அதே பொருள்தான்! இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை அது தணிக்காவிட்டால் குடலில் நொதிகள் வேலை செய்யா.

அமிலம் வந்த செய்தி கணையத்துக்கு எப்படித் தெரிகிறது? 1902ல் லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியல் அறிஞர்கள், நாய் ஒன்றின் குடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. செய்தி இரத்தத்தின் வழியே போகிறது என்று கண்டார்கள். அதை எடுத்துச் சென்ற பொருளுக்கு ‘செக்ரட்டின்’ எனப் பெயரிட்டார்கள். ‘ஹார்மோன்’ என்ற சொல்லே அதன் பின்னர்தான் பிறந்தது.

இனி நீர் எப்படி வெளிவருகிறது என்று பார்ப்போம். செல்கள் தண்ணீரை நேராக இறைப்பதில்லை. சோடியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய அயனிகளை நகர்த்துகின்றன. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீர் தானே பின்தொடர்கிறது. ஆகவே உப்புக்கான கதவு திறக்காவிட்டால் தண்ணீரும் வராது. கணைய நீர் கெட்டியாகி, மெல்லிய குழாய்கள் அடைபட்டு, சுரப்பி தழும்பேறிப் போகும்.

அப்படிப்பட்ட குழந்தைகளைத்தான் 1938ல் நியூயார்க்கில் டாக்டர் டோரத்தி ஆண்டர்சன் விவரித்தார். ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்ற நோய்ப்பெயர் அவ்வாறு வந்தது. 1948ல் அந்நகரில் கடும் வெயில் அடித்தபோது இந்நோயுள்ள குழந்தைகள் பலர் சோர்ந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பதை 1953ல் டாக்டர் டி சான்ட் ஆக்னீஸ் வெளியிட்டார். கணையம் எங்கே, வியர்வை எங்கே? முப்பது ஆண்டுகள் இது புதிராகவே இருந்தது.

விடை தந்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் பால் குவின்டன். அவரே இந்நோயோடு பிறந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. தலைமயிரளவு மெல்லிய வியர்வைக் குழாய்களைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார். வியர்வை ஊறும்போது இரத்தத்தைப் போலவே உப்பாயிருக்கும். தோலை நோக்கி வரும் வழியில் குழாய் அந்த உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்நோயாளரின் குழாயிலோ குளோரைடு சுவரைக் கடக்கவே இயலவில்லை என்று 1983ல் காட்டினார். 1989ல் அந்தக் கதவுக்குரிய மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. வியர்வையில் உப்பு உள்ளே திரும்பும் கதவும், கணையத்தில் உப்பு வெளியேறும் கதவும் ஒன்றேதான்.

அந்தக் கதவு பைகார்பனேட்டுக்கும் உரியது. அது வராதபோது சளி விரிந்து நெகிழாமல் பிசின்போல் நின்றுவிடுகிறது என்று குவின்டன் பின்னர் வாதிட்டார். நுரையீரலின் துன்பத்துக்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது.

கதவையே திருத்தும் மருந்துகள் 2012 முதல் வந்துள்ளன. 2019ல் வந்த மூன்று மருந்துக் கூட்டு பலருடைய வாழ்வை மாற்றியது. அவற்றின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாதது, இதை மறைப்பதற்கில்லை. உணவோடு விழுங்கும், பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதி மாத்திரைகளும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும், நெஞ்சுச் சளியை அகற்றும் பயிற்சியும் எட்டக்கூடியவை.

இந்தியக் குழந்தைகளிலும் இந்நோய் உண்டு. வியர்வைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். பிள்ளையை முத்தமிடும்போது உப்புக் கரித்தாலோ, காய்ந்த வியர்வை நெற்றியில் வெள்ளையாய்ப் பூத்தாலோ தாய்மார் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நோய் உறுதியான குழந்தைக்குக் கோடையில் உப்பைக் குறைக்காமல், மருத்துவர் சொல்லும் அளவில் கூட்டியே கொடுக்க வேண்டும்.