நாலேகாலா, ஐந்தேகாலே அரைக்காலா?

அன்புள்ள மாப்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு நம்ம ஜீப்பையே சுற்றிக்கொண்டிருக்கிறது. புதுப்பேட்டையில் பின் ஆக்ஸில் ஒன்று பார்த்துவிட்டாயாம், 4.27 ரேஷியோவாம், ஞாயிற்றுக்கிழமை போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாயாம். சின்ன வயசில் திருவிழாக் கடையில் வளையலைப் பார்த்ததும் உங்கம்மாவுக்கு ஒரு அவசரம் வரும். உன் குரலிலும் அதைத்தான் கேட்டேன். வேண்டாம் என்று தடுக்க எழுதவில்லை. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நாலு தரம் படிப்பாய் அல்லவா?

உன் சிரமம் எனக்குத் தெரியாததா? மதுரையிலிருந்து போடிக்கு வரும்போது ஆண்டிபட்டிப் பக்கம் ரோடு கண்ணாடி மாதிரி கிடக்கும். நம்ம வண்டி மட்டும் அறுபதைத் தொட்டதும் அலறும். அந்த 16 இஞ்ச் டயரில் டாப் கியரில் அறுபது போனால் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்றுகிறது. 4.27 மாட்டினால் அதே அறுபதுக்கு 1,900 போதும். காதுக்கும் சுகம், இன்ஜினுக்கும் சுகம். நீ ஆசைப்படுவது நியாயம்தான்.

ஆனால் நம்ம வண்டியின் பல் கணக்கு ஏன் இப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள். வில்லிஸ் கம்பெனி போர்க்காலத்தில் செய்த ராணுவ ஜீப்புக்கு 4.88 வைத்திருந்தார்கள். போர் முடிந்து 1945-இல் உழவர்களுக்கென்று சிஜே-2ஏ வந்தபோது 5.38 ஆக்கினார்கள். கலப்பை இழுக்க வேண்டும், பாரம் இழுக்க வேண்டும், வேகம் இரண்டாம்பட்சம். பிறகு மகிந்திரா இங்கே பூட்டத் தொடங்கியது அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான். நம்ம வண்டியும் அந்த வம்சம். கிரௌனில் 43 பல், பினியனில் 8 பல். உன் தாத்தா ஒரு நாளும் 5.38 என்று சொன்னதில்லை. "ஐந்தேகாலே அரைக்கால்" என்பார். வகுத்துப் பார், அச்சாக அதுதான் வரும்.

அந்த ஐந்தேகாலே அரைக்கால்தான் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனது, பத்திரமாக இறக்கியும் விட்டது. ஏறின கியரிலேயே இறங்கு என்று தாத்தா சொல்வார். ரேஷியோ 4.27 ஆனால், ஒவ்வொரு கியரிலும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஏற்றத்தில் வண்டி திணறினால் உனக்கு உடனே தெரியும். இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் அதே அளவு குறைவது தெரியாது. பிரேக் டிரம் காய்ந்து மிதி உள்ளே போகும்போதுதான் தெரியும். என் கவலை அங்கேதான்.

இன்னொன்று. எனக்கு இருபத்தாறு வயசில் நடந்ததை உங்கம்மா சொல்லியிருக்க மாட்டாள். பின் கிரௌன் பல் உடைந்துபோய், ஒரு கடையில் பழைய ஆக்ஸில் வாங்கினேன். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார் கடைக்காரர். நம்பி மாட்டினேன். மூன்று மாசம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழையில் தோட்டத்துச் சேற்றில் ஃபோர் வீல் லீவரை இழுத்தேன், வண்டி ஏறியும் வந்தது. தார் ரோட்டுக்கு வந்ததும் லீவர் கழலவில்லை. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. பத்தடி போவதற்குள் டமார் என்று முன்பக்க ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் உடைந்தது.

உன் தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாக்பீஸ் கொண்டுவரச் சொன்னார். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னால் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுதலை. டயரில் ஒரு கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்றுக்குத்தான் கிரௌன் ஒரு சுற்று வரும். ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்தது என்று அவர் குனிந்து எண்ணினார். ஐந்துகூட முழுசாக வரவில்லை. நாலே முக்காலே அரைக்கால். முன்னால் 5.38, பின்னால் 4.88. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டது. காய்ந்த தார் வழுக்கவிடுமா? கிராஸ்தான் விலை கொடுத்தது.

அதனால்தான் சொல்கிறேன். பின்னால் மாற்றினால் முன்னாலும் மாற்று. இரண்டுக்கும் காசு சேரும்வரை எதையும் தொடாதே. மலை, ரோடு இரண்டும் வேண்டுமென்றால் 4.88 ஜோடி கிடைக்கிறதா என்று தேடு. கடையில் கழற்றிக் கிடக்கும் ஆக்ஸிலில் ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மறுபக்கத்தை இரண்டு சுற்று சுற்றி, பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணு. மூடியைத் திறந்து பல்லையும் எண்ணு. கிரௌனும் பினியனும் ஒன்றாகத் தேய்ந்து பழகியவை. ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் வந்துவிடு. உள்ளே இருக்கும் ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார். மினுமினுப்பாகத் துகள் ஒட்டினால் அதுவும் வேண்டாம்.

மாட்டும் நாளில் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. இதை உன் அத்தை இரண்டு தரம் எழுதச் சொன்னாள். ஹவுசிங்கில் காற்று போகும் சின்னத் துவாரம் அடைத்திருந்தால் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குள் இறங்கும், அதைச் சுத்தம் செய். முதல் ஓட்டம் முடிந்ததும் ஹவுசிங்கைத் தொட்டுப் பார், கை பொறுக்காத சூடு இருந்தால் ஓட்டாதே. யூ போல்ட்டைச் சில நாளில் மறுபடி முடுக்கு. 4.27 போட்டால் ஸ்பீடோமீட்டரையும் நம்பாதே. அது அறுபது காட்டும்போது நீ எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருப்பாய்.

இடது சீட்டுக்கு அடியில் டூல் பெட்டி இருக்கிறதே, அதன் மூடியைத் தூக்கி உள்பக்கம் துடைத்துப் பார். ஆணியால் 43/8 என்று கீறியிருக்கும். என் கிராஸ் உடைந்த அன்று சாயங்காலம் தாத்தா கீறியது. நீ எதை மாட்டினாலும் சரி, அதன் கீழே உன் எண்ணைக் கீறு. ஆனால் கடைக்காரர் சொன்னதைக் கீறாதே. எண்ணிவிட்டுக் கீறு.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புமுன் ஒரு போன் போடு. சட்டைப் பையில் சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்பேன்.

அன்புடன்,
மாமா