சிறைக் கதவுக்கு அப்பாலும் நிக்காஹ்

எங்கள் காட்டுப்பாக்கத்தில் சென்ற மாதம் ஜும்ஆ முடிந்தபின் ஒரு சகோதரி தம் தாயாருடன் வந்து பள்ளிவாசல் வாசலில் ஓரமாக நின்றார். கணவருக்குப் பத்தாண்டு தண்டனை. புழல் சிறையில் நான்காண்டு கழிந்துவிட்டது. "ஹஜ்ரத், எங்க நிக்காஹ் இன்னும் இருக்கா? அக்கம்பக்கத்துல முறிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க" என்று கேட்டார்.

வாசக சகோதர சகோதரிகளே! மார்க்கச் சட்டம் தெரியாதவர்களின் பேச்சு ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கலங்கடித்துவிடுகிறது பாருங்கள்! கணவர் சிறைப்படுவதால் மட்டும் நிக்காஹ் முறியாது. ஆண்டுகள் எத்தனை போனாலும் தானாக முறியாது. மனைவியின் நஃபகா உரிமையும் அதனால் விழுந்துவிடாது என்பது ஹனஃபி ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. சிறையில் வேலை செய்வோருக்குக் கூலி உண்டு. அதில் சிறு தொகையேனும் வீடு வந்து சேர்ந்தால் அது தர்மமன்று, அவளுடைய ஹக்கு.

அதே வேளையில், பொறுமை என்ற பெயரால் பெண்ணைக் கட்டிப்போடவும் ஷரீஅத் சொல்லவில்லை. போர்முனைக்குச் சென்ற கணவரை எண்ணி ஒரு பெண் இரவில் ஏங்கிப் பாடுவதைச் செவியுற்ற உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் தாங்குவாள் என்று விசாரித்து, வீரர்களை அதற்கு மேல் ஊர் திரும்பாமல் வைக்கலாகாது எனக் கட்டளையிட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், கணவருக்கு ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைத்து அது இறுதியாகிவிட்டால், மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம் என்கிறது. இதையும் அந்தச் சகோதரியிடம் மறைக்காமல் சொன்னேன். அவரோ, "பிரியறதுக்காகக் கேக்கல ஹஜ்ரத். இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

அவருக்கு நான் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் இல்லறத்தைச் சொன்னேன். 1922 பிப்ரவரியில் மௌலானாவுக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டபோது, துணைவியார் ஜுலைகா பேகம் அழுது முடங்கவில்லை. தாங்கள் எதிர்பார்த்ததைவிட இது குறைந்த தண்டனையே என்றும், வங்காளக் கிலாஃபத் கமிட்டியில் கணவர் செய்துவந்த பணிகளைத் தாமே கவனிக்கப் போவதாகவும் காந்தியடிகளுக்குத் தந்தி அனுப்பினார். கணவரின் இலட்சியத்தில் தமக்கும் பங்கு உண்டு என்று கருதிய பெண்மணி அவர். மௌலானாவும் சிறையில் காலத்தை வீணாக்கியவரல்லர். தர்ஜுமானுல் குர்ஆன் விரிவுரைக்கு 1930 நவம்பரில் அவர் முன்னுரை எழுதியது மீரட் சிறையிலிருந்துதான்.

1942 ஆகஸ்ட் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டபோது, நோயுற்றிருந்த பேகம் வாசல் வரை வந்து குதா ஹாஃபிஸ் சொன்னார். வேறு வார்த்தை இல்லை. ஆகஸ்ட் 9இல் மௌலானா கைதாகி அஹ்மத் நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார். மனைவியின் நோய் முற்றிய செய்தி வந்தது. விண்ணப்பம் தந்தால் அரசுக்கு அனுப்புவதாகச் சிறை அதிகாரி கூறியும், அந்நிய அரசிடம் எதையும் கேட்கமாட்டேன் என மறுத்துவிட்டார். 1943 ஏப்ரல் 9இல் மரணத் தந்தி வந்தது. அன்றாட ஒழுங்கை வெளியில் மாற்றாமலே நடந்துகொண்டதாகவும், உள்ளம் அப்படி இல்லை என்றும் 'குபாரே காதிர்' கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கோட்டை வளாகத்தில் பழைய கப்ரு ஒன்று இருந்தது. நூறு முறை பார்த்த அந்தக் கப்ருடன் அன்றுமுதல் தமக்குப் புதிய பாசம் உண்டாகிவிட்டதாம். 1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா திரும்பியதும், வீட்டுக்குப் போகாமல் முதலில் மனைவியின் கப்ருக்குச் சென்று ஃபாத்திஹா ஓதினார்.

மௌலானாவின் வைராக்கியம் அந்தப் போராட்டத்துக்குரியது. அதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சட்டமாக்க நான் விரும்பவில்லை. யூஸுஃப் (அலை) அவர்கள் சிறைத் தோழர்களுக்குத் தவ்ஹீதைப் போதித்தார்கள். விடுதலையாகும் தோழரிடம், மன்னரிடம் தம்மைப் பற்றிச் சொல்லும்படியும் கேட்டார்கள். ஆகவே வீட்டில் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால் அவசர விடுப்புக்கு மனுச் செய்வது இழுக்கன்று. தமிழ்நாட்டில் அதற்கு 1982ஆம் ஆண்டின் விதிகளே இருக்கின்றன. மானம் போகும் என்று தாயின் ஜனாஸாவைக்கூடத் தவறவிடுவோரைக் கண்டு வருந்துகிறேன்.

ரூம் அத்தியாயத்தின் 21ஆவது வசனம் தம்பதியரிடையே அல்லாஹ் வைத்ததாகச் சொல்வது மவத்தத்தும் ரஹ்மத்தும். அன்பு காட்ட வழியில்லாத நாளில் இரக்கம் வேலை செய்யவேண்டும். மனு பார்க்கும் சில நிமிடங்களைக் கடன்காரர் பேச்சிலும் மாமியார் குறையிலும் கரைத்துவிடாதீர்கள் என்றேன். குறைகள் இருக்கும், அவற்றைக் கடிதத்தில் நிதானமாக எழுதலாம். உள்ளிருப்பவரும் வீட்டு விஷயங்களில் ஆலோசனை சொல்லட்டும். பிள்ளையின் படிப்பு, வாடகை, மகளின் சம்பந்தம் எதுவும் அவரைக் கேட்காமல் முடிவாக வேண்டாம். வீட்டில் தமக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்த மனிதர் உள்ளே உடைந்துபோவது அரிது.

அந்தச் சகோதரியின் மகனுக்கு ஒன்பது வயது. யாஸீன் ஸூரா பாதி பாடமாகியிருக்கிறது. மீதியைத் தந்தை உள்ளே பாடம் செய்வது, மகன் வெளியே பாடம் செய்வது, அடுத்த மனுவில் ஒருவர் ஓத மற்றவர் கேட்பது என்று ஏற்பாடாகியிருக்கிறது. "அவருக்கு ஓதத் தெரியாது ஹஜ்ரத், பையன்தான் சொல்லிக் கொடுக்கணும்" என்று சொல்லி, வந்ததிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார்.